நடத்துநர் மாறும்போது பென்சில் குறிகளை யார் பார்ப்பது?

நடத்துநரை மாற்றப்போகும் சமூக இசைக்குழுக்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

பழைய நடத்துநர் விடைபெறுகிறார் என்று தெரிந்ததும் நிர்வாகம் முதலில் செய்வது தேடல் குழு அமைப்பது. அறிவிப்பு, விண்ணப்பம், நேர்காணல், வாக்கெடுப்பு என்று ஒரு வருடம் அதிலேயே போய்விடும். ஆளைத் தேர்ந்தெடுத்த அன்று எல்லோரும் கைதட்டிவிட்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போவோம். எங்கள் கணக்கில் பாதி வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம். புதியவரின் முதல் ஆண்டில் கோணலாகப் போகும் காரியங்களில் பெரும்பாலானவை அவருடைய திறமைக் குறைவால் வருவதில்லை. பழையவர் தன் தலையிலும் கையிலும் வைத்திருந்து, யாரும் தாளில் எழுதி வாங்காமல் விட்டவற்றால் வருகின்றன. தொழில்முறைக் குழுக்களில் இசைத்தாள்களைப் பராமரிக்கும் நூலகர், மேடை மேலாளர், துணை வாசிப்பாளர்களை ஏற்பாடு செய்பவர் என்று தனித்தனி ஆள் உண்டு. நம்மிடம் இந்த மூன்று வேலையையும் பார்ப்பவர் நடத்துநரும், கூட இரண்டு தன்னார்வலர்களும்தான். அவர் போனால் மூன்று வேலைகளும் அவரோடு போய்விடும்.

ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். பேத்தோவனின் 5ஆம் சிம்பொனி, முதல் பகுதி. 2/4 தாளம். உலகமே முணுமுணுக்கும் அந்த நான்கு ஸ்வரங்களுக்கு முன்னால் ஒரு குவேவர் அளவு (ஒரு தாளச் சுற்றில், அதாவது ஒரு 'பார்'-இல், கால் பங்கு) மௌனம் எழுதியிருக்கிறது. ஆக, நடத்துநரின் கோல் கீழே விழும் இடத்தில் சத்தமே கிடையாது. மூன்று குவேவர்களும் அதற்குப் பிறகுதான். தந்தி வாத்தியங்கள் முழுவதும், கிளாரினெட்டுகளும் அந்த இடத்தில் ஒன்றாக நுழைய வேண்டும். ஒருவர் முன்னதாக ஒரு வெற்று பார் காட்டுவார். இன்னொருவர் இரண்டு காட்டுவார். வேறொருவர் மூச்சை இழுத்து ஒரே வீச்சில் தொடங்கிவிடுவார். எதுவும் தவறில்லை. ஆனால் 10 ஆண்டுகளாக ஒருவருடைய வீச்சுக்குப் பழகிய குழு, அடுத்தவரின் வீச்சில் மூன்று துண்டாக உடைந்து நுழையும். அடுத்து வரும் ஃபெர்மாட்டாவிலும் (ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி) இதே கதை: ஸ்வரத்தை நிறுத்தும் கையசைவே அடுத்த நுழைவுக்கான அடியா, அல்லது நிறுத்திவிட்டுத் தனியாக இன்னொரு அடி வருமா? பழையவர் என்ன செய்தார் என்று கேட்டால் யாருக்கும் வார்த்தையில் சொல்லத் தெரியாது, கைக்கு மட்டும் தெரியும். புதியவர் வந்ததும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் தீர்ந்தது: "ஒரு வெற்று பார் தருவேன், நிறுத்தும் அசைவு தனி." இதைச் சொல்லாமல் அரை மணி நேரம் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பதுதான் வழக்கமாக நடப்பது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் 303ஆம் பார். ஆரம்பத்தில் 59ஆம் பாரில் ஹார்ன்கள் முழங்கும் அந்த அழைப்பு, திரும்பி வரும்போது பஸ்ஸூன்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்து வால்வில்லாத ஹார்னில் புதிய சுருதிக்கு அவ்வளவு சீக்கிரம் மாற முடியாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சில நடத்துநர்கள் அதை மீண்டும் ஹார்னுக்கே கொடுத்துவிடுவார்கள். சிலர் பஸ்ஸூனோடு ஹார்னையும் சேர்ப்பார்கள். சிலர் எழுதியபடியே விடுவார்கள். உங்கள் குழுவின் ஹார்ன் பார்ட்டில் (அந்த வாத்தியத்துக்கு மட்டுமான இசைத்தாளில்) அந்த இடத்தில் பென்சிலால் ஸ்வரங்கள் எழுதியிருக்கலாம். புதியவர் கையில் இருக்கும் ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த புத்தகத்தில்) அது இருக்காது. ஒத்திகையில் ஹார்ன் முழங்கும், அவர் நிமிர்ந்து பார்ப்பார், பஸ்ஸூன் வாசிப்பவர் தலை குனிவார்.

பென்சில் குறிகளைப் பற்றி நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். பல முறை வாசிக்கப்பட்ட ஒரு முதல் வயலின் பார்ட்டை எடுத்துப் பாருங்கள். அடியில் முந்தைய நடத்துநர் காலத்து வில் குறிகள் (வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்று காட்டுபவை), அதன் மேல் தற்போதையவருடையவை, ஓரத்தில் யாரோ வரைந்த மூக்குக் கண்ணாடி ("இங்கே மேலே பார்"), இடையில் பேனாவால் அடித்த ஒரு வெட்டு (வாசிக்காமல் தாண்டும் இடம்). எது இன்றும் செல்லும், எது செத்துப்போனது என்று அந்தத் தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 60 பேர் கொண்ட ஒரு குழுவில் தந்தி வாத்தியம் வாசிப்பவர்கள் 38 பேர் என்று வையுங்கள்: முதல் வயலின் 10, இரண்டாம் வயலின் 10, வயோலா 7, செல்லோ 7, டபுள் பாஸ் 4. இரண்டு பேருக்கு ஒரு இசைத்தாள் ஸ்டாண்ட் வீதம் 20 ஸ்டாண்டுகள், 20 பார்ட்டுகள். 40 நிமிடச் சிம்பொனி ஒன்றுக்கு ஒரு பார்ட்டில் பழைய வில் குறிகளை அழித்துப் புதியவற்றை ஏற்ற ஒரு மணி நேரமாவது வேண்டும். ஆக ஒரே ஒரு படைப்புக்கு 20 மணி நேரக் கை வேலை. அதை ஒத்திகை அறையில் செய்தால் 40 பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது இது. புதியவர் பெயர் முடிவானதும் நூலகப் பொறுப்பாளர் எதையும் அழிக்க வேண்டாம். முதல் நிகழ்ச்சிக்கான படைப்புகளுக்கு மட்டும், ஒவ்வொரு தந்திப் பிரிவின் முதல் ஸ்டாண்ட் பார்ட்டையும் ஸ்கேன் செய்து அவருக்கும், முதல் வயலின்களின் தலைவரான கான்சர்ட்மாஸ்டருக்கும் அனுப்புங்கள். படைப்பு ஒன்றுக்கு 5 பார்ட்டுகள், அவ்வளவுதான். அவர்கள் இருவரும் உட்கார்ந்து வில் குறிகளை முடிவு செய்யட்டும். முதல் ஒத்திகைக்கு 3 வாரம் முன்பே அந்த 5 மூலப் பார்ட்டுகளும் திரும்பி வந்தால், மீதி 15 பார்ட்டுகளில் ஏற்றுவதை ஒரு சனிக்கிழமை 5 பேர் சேர்ந்து 3 மணி நேரத்தில் முடித்துவிடலாம். 2பி பென்சில் மட்டும். பேனா, ஹைலைட்டர் கூடவே கூடாது. வாடகைக்கு எடுத்த பார்ட்டாக இருந்தால் நிகழ்ச்சி முடிந்து திருப்பி அனுப்பும்போது எல்லாவற்றையும் அழித்துத்தான் தர வேண்டும். அதற்கு முன் ஒரு ஸ்டாண்டின் குறிகளையாவது பதிவு செய்துகொள்ளுங்கள்.

பழையவரின் சொந்த ஸ்கோரை யாரும் கேட்க வேண்டாம். அது அவருடைய உழைப்பு. கேட்க வேண்டியது மூன்றே தகவல்கள்: எங்கே வெட்டினீர்கள், எந்த மீள்வாசிப்பை விட்டீர்கள், எந்த வாத்தியத்தின் வரியை வேறு வாத்தியத்துக்கு மாற்றினீர்கள். படைப்புக்கு அரைப் பக்கம் போதும்.

பதிப்பு வேறுபாடு இன்னொரு பள்ளம். குழுவின் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் பழைய அச்சின் மறுபதிப்புகள். பலவற்றில் பார் எண் கிடையாது, ஏ, பி, சி என்ற எழுத்துக் குறிகள் மட்டும். புதியவர் 1990களின் பிற்பாதியில் ஜானதன் டெல் மார் பதிப்பித்து பேரன்ரைட்டர் வெளியிட்ட பேத்தோவன் ஸ்கோரோடு வந்து "214ஆம் பாரிலிருந்து" என்பார். அறை முழுக்க விரலை விட்டு எண்ணிக்கொண்டிருக்கும். ஆளுக்கு ஒரு பார்ட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் எண் எழுதிவரச் சொன்னால் ஒரு மாலையில் தீரும் வேலை. நூலகப் பட்டியலிலும் கவனம் வேண்டும். த்வோர்ஷாக்கின் 'புதிய உலகம்' இன்று 9ஆம் சிம்பொனி. பழைய அச்சுகளில் அதுவே 5. இன்றைய 8 அன்று 4, இன்றைய 7 அன்று 2. ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனி 7, 8, 9 என்று மூன்று எண்களிலும் அலைகிறது. புதியவர் எண்ணை மட்டும் சொல்லி, நூலகர் எண்ணை மட்டும் பார்த்து எடுத்துவைத்தால் வேறு சிம்பொனிதான் ஸ்டாண்டில் இருக்கும். எண்ணோடு சுருதியையும் எழுதுங்கள்: "9, ஈ மைனர்".

கைமாற்றுக் கோப்பு என்று ஒன்று திறந்து, பழையவர் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். கடைசி 5 ஆண்டுகளில் வாசித்தவை, ஒவ்வொன்றின் வாத்திய அமைப்பும் நிமிடக் கணக்கும். யார் பிக்கோலோவும் எடுப்பார், யாரிடம் இங்கிலிஷ் ஹார்ன் இருக்கிறது, எந்தக் கிளாரினெட்காரரிடம் ஏ கிளாரினெட் இல்லை, டிம்பனி எத்தனை, அவற்றில் எதன் பெடல் நழுவும். ஆள் குறையும்போது கூப்பிடும் துணை வாசிப்பாளர் பட்டியல். இந்தப் பட்டியல் பெரும்பாலும் பழையவரின் கைபேசியில் மட்டும்தான் இருக்கும். இது இல்லாமல் புதியவர் நிகழ்ச்சி நிரல் போட்டால் என்ன ஆகும்? த்வோர்ஷாக்கின் அதே 9ஆம் சிம்பொனியில் டியூபா மெதுவான இரண்டாம் பகுதியில் மட்டும் சில பார்கள் வாசிக்கிறது. சிம்பலுக்குக் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு தட்டு. அந்த இருவரையும் எல்லா ஒத்திகைக்கும் வரவழைத்து உட்கார வைத்தால் அடுத்த முறை வர மாட்டார்கள். பிராம்ஸின் 1ஆம் சிம்பொனியில் ட்ரோம்போன்கள் மூன்று பகுதிகளையும் சும்மா கடந்து நான்காவதில்தான் வாயைத் திறக்கின்றன. யாரை எந்த ஒத்திகைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடுவது என்ற அட்டவணையைப் பழையவர் மனக்கணக்காகவே போட்டிருப்பார்.

கோப்பின் கடைசிப் பக்கம்தான் எல்லாவற்றிலும் சங்கடமானது: வாய்ச்சொல்லாகக் கொடுத்த வாக்குகள். "அடுத்த வருடம் உனக்கு ஒரு கான்செர்ட்டோ தருகிறேன்" (குழுவோடு தனி வாத்தியம் வாசிக்கும் வாய்ப்பு) என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா? ஒருவரைப் பிரிவுத் தலைமைக்கு உயர்த்துவதாகச் சொல்லியிருக்கிறாரா? நேராகக் கேட்டு எழுதி வாங்குங்கள். நிறைவேற்ற வேண்டியதை நிர்வாகம் தன் பெயரில் ஏற்கட்டும். முடியாததை நிர்வாகமே போய்ச் சொல்லட்டும். வந்த முதல் மாதத்தில் "இல்லை" என்று சொல்லும் பாவத்தைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள்.

இனி தேர்வு. மூன்று அல்லது நான்கு பேரை இறுதிப் பட்டியலுக்குக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒத்திகையிலிருந்து மேடை வரை கொடுப்பதுதான் எங்கள் தேர்வு. ஒரு பருவம் முழுக்க ஆகும், ஆகட்டும். ஒரே ஒரு மாலை ஒத்திகையில் எல்லோரும் இனிமையாகத்தான் இருப்பார்கள். ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பது நான்காவது ஒத்திகையில், மூன்று பேர் வராத நாளில் தெரியும். அதற்கு வசதியில்லை என்றால் ஒவ்வொருவருக்கும் முழு இரண்டரை மணி நேரம் கொடுத்து, அதே இரண்டு படைப்புகளைக் கொடுங்கள்: ஒன்று வேகமானது, இன்னொன்று தனிப்பாடகருக்கோ தனி வாத்தியத்துக்கோ பக்கவாசிப்பாக அமைவது. வேகமான சிம்பொனியைப் பலரும் ஓட்டிவிடுவார்கள். தனிவாசிப்பாளர் ஓரிடத்தில் இழுத்து நிற்கும்போது 60 பேரையும் அவரோடு நிறுத்தி, அவரோடு கிளப்புவதில்தான் கை தெரியும். பார்ட்டில் வேண்டுமென்றே தப்பு ஸ்வரம் எழுதிவைத்து அவர் காதைச் சோதிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம். தானாக வரும் தப்புகளே நம்மிடம் தேவைக்கு மேல் இருக்கின்றன.

வாசிக்காத ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு பின்னால் உட்காரட்டும். 60 நிமிடத்தில் குழு எத்தனை நிமிடம் வாசித்தது, அவர் எத்தனை நிமிடம் பேசினார்? வாசிப்பு 40க்குக் கீழே போனால் எங்களுக்குக் கவலை வரும். நிறுத்தியபோது ஒரு காரணம் சொன்னாரா, அல்லது "இன்னொரு முறை" என்று மட்டும் சொன்னாரா என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். கருத்துச் சீட்டை அன்றிரவே, இடைவேளைப் பேச்சில் கலப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். எண்ணும்போது பிரிவு வாரியாக எண்ணுங்கள். மேலே சொன்ன 60 பேரில் தந்தி 38, மரக்காற்று வாத்தியங்கள் 9, பித்தளை 10, தாளம் 3. மொத்தமாகக் கூட்டினால் தந்திக்காரர்கள் விரும்பியவர் எப்போதும் ஜெயிப்பார். பின்வரிசை 22 பேரும் "அவர் கோல் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை" என்று எழுதியிருந்தாலும் அது கூட்டுத்தொகையில் மூழ்கிவிடும்.

பின்வரிசையின் அந்தப் புகாரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகிறது. முதல் வயலினிலிருந்து 12 மீட்டர் தள்ளி நிற்கும் டிம்பனிக்காரர் காதுக்கு அது சுமார் 35 மில்லிநொடி தாமதமாக வந்து சேர்கிறது. காதை நம்பி அடித்தால் அவருடைய சத்தம் திரும்பி முன்னால் வர இன்னொரு 35. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு செமிகுவேவரின் (கால் அடி) நீளமே 125 மில்லிநொடி. அதில் பாதிக்கு மேல் இப்படிக் கரைந்துவிடும். அதனால் பின்வரிசைக்குக் கண்தான் காது. கோல் நெஞ்சு உயரத்தில் தெளிவான ஒரு புள்ளியில் விழுந்து எழ வேண்டும். ஸ்டாண்டுக்குக் கீழே இடுப்பளவில் வட்டம் போடும் கை, எவ்வளவு ஆழ்ந்த இசை ஞானம் உள்ளவருடையதாக இருந்தாலும், பின்னால் இருப்பவர்களை நட்டாற்றில் விட்டுவிடும். முதல் ஒத்திகைக்கு முன் புதியவரை மேடைப்பெட்டியில் நிற்கவைத்து, யாராவது ஒருவர் டிம்பனி இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெட்டியின் உயரத்தையும் ஸ்டாண்டின் உயரத்தையும் சரிசெய்யுங்கள். 5 நிமிட வேலை.

முதல் ஒத்திகையின் முதல் கால் மணி நேரம் அவர் எதற்கும் நிறுத்தக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குழுவுக்குத் தெரிந்த ஒரு பகுதியை முழுதாக ஓட்டட்டும். அவர் குழுவைக் கேட்கட்டும், குழு அவர் கையைப் படிக்கட்டும். ஸ்வரம் சொல்லும் பழக்கத்தையும் அன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். அவர் "சி" என்றால் காதில் கேட்கும் சியா, தாளில் எழுதிய சியா? கேட்கும் சி வேண்டுமென்றால் பி ஃபிளாட் கிளாரினெட் டியையும் எஃப் ஹார்ன் ஜியையும் வாசிக்க வேண்டும். இதை ஒருமுறை முடிவு செய்யாவிட்டால் வாரா வாரம் இரண்டு நிமிடம் போகும். சுருதி சேர்க்கும் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸா 442ஆ என்பதும் அப்படியே. 8 சென்ட்டுக்கும் (ஒரு சென்ட் என்பது அரைச் சுருதியில் நூறில் ஒரு பங்கு) குறைவான வித்தியாசம்தான், ஆனால் உலோகத் தகடுகளாலான குளோக்கன்ஷ்பீலை முறுக்கிச் சரிசெய்ய முடியாது.

உட்காரும் அமைப்பை மாற்ற நினைப்பவரைத் தடுக்க வேண்டாம், தள்ளிப்போடச் சொல்லுங்கள். இரண்டாம் வயலின்களை முதல் வயலின்களுக்கு எதிரே, மேடையின் வலப்பக்கம் வைத்தால் இருவரும் பேசிக்கொள்வது போன்ற இடங்கள் பிரமாதமாகக் கேட்கும். ஆனால் அவர்களுடைய வயலினின் முகம் சபைக்கு முதுகு காட்டும். முதல் வயலின்களைக் கேட்டே பழகிய கடைசி ஸ்டாண்டுகள் திக்குமுக்காடும். நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவில் நாற்காலிகளை இஷ்டத்துக்கு மாற்றிப் பார்த்தார், ஆளாளுக்கு வில்லை விருப்பம்போல் இழுக்கவும் விட்டார். அவரிடம் இருந்தவர்கள் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். நம்மிடம் இருப்பது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். மூன்றாவது நிகழ்ச்சியின் முதல் ஒத்திகையில் செய்யலாம். ஒத்திகைகள் பாதி நடந்திருக்கும்போது ஒருபோதும் வேண்டாம். பிரிவுத் தலைவர்களை மாற்றுவது, மறுதேர்வு வைப்பது இரண்டும் முதல் பருவத்தில் கிடையாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். படைப்புகளைத் தேர்ந்தெடுப்பது அவர் உரிமை; துணை வாசிப்பாளர்களுக்கும் வாடகைப் பார்ட்டுகளுக்கும் உச்சவரம்பு வைப்பது நிர்வாகத்தின் உரிமை. இந்த இரண்டு வாக்கியங்களும் எழுத்தில் இல்லாத இடத்தில்தான் இரண்டாம் ஆண்டுச் சண்டை பிறக்கிறது.

முதல் நிகழ்ச்சிக்குக் கான்செர்ட்டோ வேண்டாம். பழையவர் பெயரோடு ஒட்டிப்போன படைப்பை இரண்டு வருடம் தொடவே வேண்டாம். குழுவின் கை பழைய வேகத்துக்கே இழுக்கும், புதியவர் எதிர்த்து இழுப்பார், கேட்பவர் காதுக்கு அது தெளிவில்லாத வாசிப்பாக மட்டுமே விழும். மண்டபமும் தனிவாசிப்பாளர்களும் 9 முதல் 12 மாதம் முன்பே உறுதியாகிவிடுவதால், புதியவரின் முதல் பருவத்தைப் பழையவரே திட்டமிட்டுவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. ஒரு நிகழ்ச்சியையாவது காலியாக விட்டுவையுங்கள்.

பழையவருக்கான பிரிவுபசார நிகழ்ச்சியை அவருக்கு மட்டுமே வையுங்கள். மேடையில் கோலைக் கைமாற்றும் காட்சி புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் புதியவரின் முதல் அடியே இன்னொருவரின் கண்ணீரில் தொடங்கும். அதன்பின் ஒரு பருவத்துக்குப் பழையவர் ஒத்திகை அறைக்கு வரக்கூடாது, பின்வரிசையில் வயலினோடும் கூடாது. கௌரவப் பட்டம் கொடுங்கள், நிர்வாகக் குழுவில் இடம் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், அவர் அறையில் இருந்தால் கடினமான இடத்தில் 60 பேரின் கண்ணும் ஒரு நொடி அவர் பக்கம் போகும். நுழைவு பிசகுவதற்கு அந்த ஒரு நொடி போதும்.

நூலக அலமாரிச் சாவி, ஒத்திகை அறைச் சாவி, பார்ட் வாடகைக் கணக்கின் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் பிரிவுபசாரத்துக்கு முந்தைய வாரமே வாங்கிவிடுங்கள். அன்றைக்கு மாலையும் கையுமாக நிற்பவரிடம் போய்ச் சாவி கேட்க யாருக்கும் மனம் வராது.

இப்படிக்கு,
பார்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் நூலகப் பொறுப்பாளர்களும், முதல் ஸ்டாண்டுகளிலும் கடைசி வரிசையிலும் அமர்ந்து வாசிப்பவர்களும்